டோக்கன் போட்ட கூடாரம்

என் கூடாரத்துக்கு அண்ணன் டோக்கன் போட்டிருந்தான். இருநூற்றுப் பதினான்கு. உள்ளே அட்டை வைத்து, சட்டையை மடிப்பதுபோலச் சதுரமாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டெலிவரி அலமாரியில் வாடிக்கையாளர் துணிகளோடு அடுக்கியிருந்தான்.

எங்களுடையது சலவைக் கடை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் முதலாளி, அண்ணி கல்லா, நான் இஸ்திரி மேஜை. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை. எனக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று நான் அழவுமில்லை, அழுததெல்லாம் மற்றவர்கள்தான். போன மாதம் யாரிடமும் கேட்காமல் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். விமானத்தில் போகவேண்டிய தூரத்தில் ஓர் ஏரி. அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிடும் முகாம் பத்து வாரம் நடக்கிறது. சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். என்னை எடுத்துக்கொண்டார்கள். முகாமை நடத்துகிற அம்மா போனில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார்.

"கூடாரம் நீங்கதான் கொண்டு வரணும். இங்க தினமும் மழை. போன வருஷம் ஒருத்தருக்கு உள்ள ஒழுகி, மூணாம் நாளே காய்ச்சல். அதனால வந்து இறங்கின அன்னைக்கே தண்ணி அடிச்சுப் பாப்பேன். ஒழுகுச்சுன்னா அடுத்த வண்டியில திரும்பிட வேண்டியதுதான், கோவிச்சுக்கக் கூடாது."

பழைய கூடாரம் ஒன்றை வாங்கிக் கொல்லையில் நட்டுக் குழாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் முன்பு வைத்திருந்தவரின் புகை நாற்றமும் காலுறை நாற்றமும் அதில் ஊறியிருந்தன. அந்த நாற்றம்தான் வினையாகப் போயிற்று.

"யார் இதைத் தொட்டது?" என்று கத்தினேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். "நான்தான் பாப்பா. துவைச்சுட்டேன். சலவைக் கடைக்காரன் தங்கச்சி நாத்தம் புடிச்ச துணியத் தூக்கிட்டு ஏரோப்ளேன் ஏறினா நம்ம மானம் என்னாகறது?"

நரைத்துப்போன எனக்கு இன்னும் பாப்பா.

"எதுல போட்ட?"

"பெரிய மெஷின்ல. நல்ல வெந்நீர். ஹோட்டல் பெட்ஷீட்டுக்குப் போடற பவுடர். ரெண்டு தடவை ஓட்டினேன்."

கூடாரம் விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்தத் துணி மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று இருக்கிறது, அதற்குச் சோப்பும் சூடும் எமன் என்று. நான் அதை வீட்டில் சொல்லவில்லை. துணி என்ற ஒன்றைக் கண்டால் அண்ணனுக்குக் கை அரிக்கும் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டது என் புத்தி.

உறையைக் கிழித்துக் கொல்லையில் நட்டுக் குழாயைத் திறந்தேன். தையல்களை மூடியிருந்த பட்டைகள் உரிந்து தொங்கின. இரண்டு நிமிடத்தில் உள்ளே குளம் கட்டிவிட்டது. விமானம் நாளை மறுநாள் காலை.

அண்ணன் வாசற்படியில் நின்று பார்த்தான். பிறகு சொன்னான்: "சரி விடு பாப்பா. எல்லாம் நல்லதுக்குத்தான். போக வேணாம்னு இருக்கு போல."

அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே கோபம் தலைக்கேறியது. துவைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். இவனாகவே கெடுத்துவிட்டு, இவனாகவே தீர்ப்பும் சொல்கிறான்!

"போக வேணாம்னு எங்க இருக்கு? காட்டு, படிக்கிறேன்," என்றேன். "இன்னைக்கும் நாளைக்கும் நான் இஸ்திரி போடமாட்டேன். நீயே போட்டுக்கோ."

"ஹோட்டல் ஆர்டர் இருக்குடி!"

"இருக்கட்டும்."

அண்ணி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணன் தங்கச்சி நடுவுல நான் வாயைத் திறந்தா நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க, நான்தான் பொல்லாதவளா நிப்பேன்," என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆனால் இஸ்திரி மேஜையின் சுவிட்சை அணைத்தது அவள்தான்.

நுரை நின்றால்தான் புதுப் பூச்சு ஏறும். பச்சைத் தண்ணீரில் ஏழு முறை அலசினேன். எத்தனை பவுடரைக் கொட்டியிருப்பான் மகராசன்! உரிந்த பட்டைகளைப் பிய்த்தெடுத்தேன். விற்ற கடைக்கே ஓடிப்போய்த் தையலில் பூசும் பசைக் குழாய் மூன்றும், துணிக்குத் தெளிக்கும் மருந்து ஒரு பாட்டிலும் வாங்கி வந்தேன். தையல் தையலாக உட்கார்ந்து பூசினேன், துணி முழுக்க மருந்தைத் தெளித்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணன் இரண்டு தடவை பக்கத்தில் வந்தான்.

"குடு, நான் ஒரு பக்கம் பூசறேன்."

"கை வெச்சேன்னா பாரு."

"ஒரு நல்லது பண்ண விடமாட்டேங்கறியே!"

"நீ பண்ணின நல்லது போதும் சாமி."

மறுநாள் காலையில் பசை இறுகியிருந்தது. கூடாரத்தைத் திரும்ப நட்டேன். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"உள்ள போய் உக்காரு."

"விளையாடறியா? சட்டையப் பாத்தியா, நேத்து ராத்திரிதான் தேய்ச்சேன்."

"அதனாலதான் சொல்றேன். உக்காரு."

உட்கார்ந்தான். கதவை இழுத்து மூடிவிட்டு, கடையில் கறை எடுக்க வைத்திருக்கும் பீச்சுக்குழாயை முழு வேகத்தில் திறந்தேன். மேலே அடித்தேன், பக்கவாட்டில் அடித்தேன், பிய்த்து ஒட்டிய தையல்களில் வஞ்சனை இல்லாமல் அடித்தேன். உள்ளிருந்து, "போதும்டி, மூச்சு முட்டுது!" என்று சத்தம் வந்தது. அரை மணி நேரம் விடவில்லை. ஊருக்கெல்லாம் வெளுத்துப் போடுகிறவனை ஒருநாளாவது நான் வெளுக்க வேண்டாமா?

வெளியே வந்தபோது வேர்த்திருந்தான். சட்டையில் தண்ணீர் பட்ட தடம் இல்லை. தோள்பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அப்படியே ஹோட்டலுக்குப் போய்விட்டான்.

அடுத்து காய வைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். போதாததற்கு எடையும் ஏறும். விமானத்துக்கு இருபது கிலோதான் கணக்கு. உலர்த்தும் மெஷினில் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே பின்கட்டில் மின்விசிறிகளுக்குக் கீழே இருக்கும் நீளக் கொடிகளிலிருந்து ஹோட்டல் விரிப்புகளை இறக்கிக் கூடையில் போட்டுவிட்டு என் கூடாரத்தை விரித்தேன். திரும்பி வந்த அண்ணன் கூடையைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான். சாயங்காலம் ஓரங்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கையை ஏமாற்றும் ஈரம் கன்னத்தை ஏமாற்றாது, அது இஸ்திரிக்காரியின் கணக்கு. காய்ந்திருந்தது.

கூடாரத்தை மடிக்கக் கூடாது; மடிப்பு விழுகிற இடத்தில் பூச்சு விண்டுபோகும். கசக்கிப் பைக்குள் திணிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் மடித்த கை எனக்கு, முதல் பிடி திணிக்கும்போது கூசியது. அண்ணனால் பார்க்கவே முடியவில்லை. "ஐயோ, ஐயோ, இப்படியா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனான். அப்புறம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குத்துக் குத்தென்று குத்தித் திணித்தேன்.

கடைத் தராசில் பையை நிறுத்தேன். பத்தொன்பது கிலோ சில்லறை. முளைகள், கம்பிகள், அடுப்பு எல்லாம் இந்தப் பையில்தான். கையோடு எடுத்துப்போனால் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். எரிவாயு டப்பா விமானத்தில் ஏறாது, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று முகாம் அம்மா சொல்லியிருந்தார். அடுப்பை மட்டும் எரிவாயு வாசனை போகும்வரை தேய்த்துக் கழுவியிருந்தேன்.

விமான நிலையத்துக்கு அண்ணன்தான் வண்டி ஓட்டினான். பையைத் தூக்க என்னை விடவில்லை. வரிசையில் என் பின்னாலேயே வந்து நின்றான்.

கவுன்ட்டர் பெண் கேள்விகளைக் கடகடவென்று கேட்டாள். அடுப்பு இருக்கிறது என்றதும் எடுத்துக் காட்டச் சொன்னாள். மேல் ஜிப்பைத் திறந்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். "சோப்பு வாசனைதான் வருது," என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பையைத் தராசில் வைக்கச் சொன்னாள்.

இருபத்திரண்டரை.

"பைய நீங்களேதான் அடுக்கினீங்களா? வேற யாராச்சும் ஏதாச்சும் உள்ள வெச்சாங்களா?"

வாய்வரை வந்த பதில் நின்றுவிட்டது. எங்கள் கடைத் தராசு பொய் சொல்லாது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வெச்ச?"

"ஒண்ணுமில்ல... நீ குளிக்கப் போனப்ப..." குரல் இறங்கியது. "நீயேதான் அடுக்கினேன்னு சொல்லிடு பாப்பா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. அதிக எடைக்கு நான் கட்டிக்கறேன்."

"மாட்டேன்."

பையை இறக்கித் தரையில் சாய்த்து அடி ஜிப்பைத் திறந்தேன். வரிசை முழுவதும் பார்த்தது. பார்க்கட்டுமே! கஞ்சி போட்டு மடித்த விரிப்பு ஒன்று. தலையணை உறை இரண்டு. பயண இஸ்திரிப் பெட்டி, காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவேன் என்றுகூட யோசிக்காமல். எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிச்சுப் போட்ட வெள்ளைப் பவுடர்.

கவுன்ட்டர் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்க, சலவைப் பவுடர்," என்றேன். "எங்க அண்ணன் அன்பு இப்படித்தான் இருக்கும்."

ஒவ்வொன்றாக எடுத்து அவன் கைகளில் அடுக்கினேன். வாங்கிக்கொண்டே வந்தான். பவுடர் பையை மேலே வைத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"அங்க உனக்குன்னு யாரு பாப்பா இருக்கா? நம்ம பொருள் நாலு கூட இருந்தா..." என்றான். பிறகு, தணிந்த குரலில், "நீ திரும்பி வரமாட்டே. எனக்குத் தெரியும்."

இவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இருபது வருடத்துக்கு முன்பே போயிருப்பேன்.

"வருவேனா மாட்டேனான்னு நீ சொல்லாத அண்ணா," என்றேன். "அதையும் நானே சொல்றேன்."

ஜிப்பை மூடி, பையை நானே தூக்கித் தராசில் வைத்தேன். பத்தொன்பது கிலோ சில்லறை. கவுன்ட்டர் பெண் சீட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"இப்பக் கேளுங்க," என்றேன்.

"என்னது?"

"கேட்டீங்களே, அதைத் திரும்பக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள், கை நிறையத் துணியோடு நிற்கும் அவனையும் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "இந்தப் பைய நீங்களேதான் அடுக்கினீங்களா?"

"நான்தான்," என்றேன், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. "நானேதான் அடுக்கினேன். வேற யாரும் கை வெக்கல."