தங்கச்சி என்று எழுதிய படிவம்

கார் கவிழ்ந்து மூன்று வருடமாகியும், தன் உடம்பை ஒவ்வொரு காலையும் ஒரு புது மனுசிக்கு விளங்கப்படுத்துவது மட்டும் யோகராணிக்குப் பழகவேயில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விரல்களும் சொன்னபடி கேட்பதில்லை. நிறுவனம் அனுப்பும் உதவிப் பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி அவளைக் குளியலறைக் கதிரையில் ஈரத்தோடு இருத்திவிட்டு, போனில் கதைக்கப் போய்விட்டாள்.

அதனால் தொண்ணூற்றெட்டில், உதவியாளரைத் தானே தெரிவுசெய்து வேலைக்கு வைக்க அரசாங்கம் பணம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டவுடன் விண்ணப்பித்தாள். யாரை வைப்பது என்பதில் அவளுக்கு யோசனையே இருக்கவில்லை. தங்கச்சி துர்க்காதான். மிசிசாகாவில் பெட்டி அடுக்கும் வேலைக்கு மூன்று மாத லீவு போட்டுவிட்டு, ஸ்காபரோவுக்கு வந்து கூடவே இருப்பவள். எந்தப் பக்கம் சரித்தால் அக்காவுக்கு முதுகு நோகும் என்று கேட்காமலே அறிந்தவள்.

லீவு முடிய நான்கு நாள் இருக்கையில் கடிதம் வந்தது. துர்க்கா உடைத்து வாசித்தாள்.

"பணம் தருவினமாம், அக்கா. ஆனா என்னை வைக்கேலாதாம்."

"ஏனாம்?"

"புருசன் பெண்சாதி, தாய் தகப்பன், பிள்ளையள், கூடப்பிறந்தவை… இவையளைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாதாம். அதுதான் சட்டமாம்."

"கூடப்பிறந்தவள் தூக்கினா மட்டும் என்ர பாரம் குறைஞ்சிடுமோ?" என்று யோகராணி சீறினாள். துர்க்கா கடிதத்தை மடித்து வைத்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை யோகராணி அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். துர்க்கா ரிசீவரை அவள் காதோடு பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையானவள்.

"விதி அப்படித்தான். சகோதரி என்று படிவத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே."

யோகராணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்றாடினாள். துர்க்காவை விட்டால் தனக்கு ஆளில்லை என்றாள். அவளுடைய அப்பா, தன் அங்கிள், ஒஷாவாவில் இருக்கிறார், அவரும் சம்மதித்துவிட்டார் என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கள். அவருடைய அப்பா உங்களுக்கு அங்கிளா? உங்கள் இருவருக்கும் ஒரே அப்பா இல்லையா?"

"இல்லை. என்னுடைய அப்பாவின் தம்பி அவர்."

அந்தப் பெண் சிரித்தது கேட்டது. "அப்படியென்றால் அவர் உங்கள் சகோதரி இல்லை, கஸின். விதியில் கஸின் இல்லவே இல்லை. தாராளமாக வைக்கலாம். இருவரின் பிறப்புப் பத்திரத்தையும் இன்றைக்கே ஃபாக்ஸில் அனுப்புங்கள்."

யோகராணி இரண்டு தரம் நன்றி சொன்னாள். மூன்று வருடமாக நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதும் அப்போதுதான் வெளியே வந்ததுபோல இருந்தது.

துர்க்கா ரிசீவரை வைத்தாள். முகம் சிரித்தது, கண் கலங்கியிருந்தது.

"அப்ப நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லையோ?"

"சித்தப்பாவின்ர மகள் தங்கச்சியில்லாமல் வேற ஆர்? கவுண்மேந்துக்குத்தானடி நீ கஸின்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் சம்மதம் வந்தது. துர்க்கா மிசிசாகாவுக்குப் போன் எடுத்து இனி வரமாட்டேன் என்று சொன்னாள். பிறகு இருவரும் ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை லீவெண்டு எழுது," என்றாள் யோகராணி.

"லீவோ? அண்டைக்கு உங்களை ஆர் பாக்கிறது?"

"பக்கத்து வீட்டு அன்ரனெற்றைக் கேட்டிட்டன். அவவையும் சம்பளத்துக்கு வைக்கப்போறன். நீ எங்கயாவது போய்ச் சுத்திப்போட்டு வா."

துர்க்கா மறுக்க வாயெடுத்தாள்.

"முதலாளி நான், சொன்னதை எழுது," என்றாள் யோகராணி. மாற்றுக்கு ஆள் வைக்க வழியில்லாததால் இத்தனை நாளும் இவளை வெளியே போய்வா என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததேயில்லை. துர்க்கா தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.