துணைக்கு ஒருவர்

பெட்டியின் தலைப்பக்கத்தை டெல்மா பிடித்துக்கொண்டாள். கால்பக்கம் தம்பி ரோட்ரிக். விமானத்தின் சரக்குக் கதவு குறுகல். பலகைப் பெட்டி ஒருமுறை இடித்து, பிறகு சாய்ந்து வெளியே வந்தது. உள்ளே அப்பா.

கைக்குழந்தையோடு ஒரு பெண் முன்னதாகவே இறங்கியிருந்தாள். அவளுடைய அம்மா ஐடா பைகளைச் சுமந்து பின்னால் வந்தாள். டெல்மாவைப் பார்த்து இருவரும் நின்றார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்குத் துணையாள் செலவு உண்டா இல்லையா என்பதை முன்பெல்லாம் வின்னிபெக் நகர அலுவலகத்தில் முகம் தெரியாத யாரோ சொல்வார்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள். செலவாகாத பணம் மார்ச் கடைசியில் ஒட்டாவாவிலிருக்கும் அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும். ஊர்க்காரர்கள் பல வருடம் வாதாடி அதை மாற்றினார்கள். இப்போது பத்து வருடத்துக்கான பணம் ஊர்க் கவுன்சிலுக்கு வருகிறது. அதில் வைத்தியச் செலவைப் பங்கிடுவது டெல்மாவின் பொறுப்பு. மாற்றத்துக்குக் கை தூக்கியவர்களில் அப்பா ஆபெலும் ஒருவர். கூட்டம் முடிந்து வரும்போது அவளிடம் சொன்னார்.

"ஒட்டாவா தூரத்துல இருக்கு. திட்டினா காதுல விழாது. நீ பக்கத்து வீட்டுல இருக்கப்போற."

இந்த மாதம் ஒரு துணையாளுக்குத்தான் பணம் மிச்சமிருந்தது. அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. ஐடாவின் மகளுக்கு முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. டெல்மா ஐடாவின் பெயரை எழுதினாள். தன் அப்பாவுக்கு எடுத்துக்கொண்டால் இனி யாரிடமும் இல்லை என்று சொல்ல முடியாது. நாலு வீடு தள்ளியிருந்த அப்பாவுக்கு அலுவலகத்திலிருந்து போன் செய்துதான் சொன்னாள். சம்பளம் வந்ததும் தன் செலவில் ஆஸ்பத்திரிக்கு வருவதாகவும் சொன்னாள். அப்பா சரி என்றார். சம்பளம் வருமுன் இறந்துபோனார்.

பெட்டியைப் பனிவண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் ஏற்றினார்கள். ரோட்ரிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"முன்னாடின்னா எல்லாரும் ஒண்ணா உக்காந்து அந்த ஆபீஸைத் திட்டுவோம்," என்றான். "இப்ப யாரைத் திட்றது, அக்கா?"

"என்னைத் திட்டு."

முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான்.

"பழக்கமில்ல."

ஊர்க்கூடத்தில் அடுப்பு எரிந்தது. பெண்கள் கடமான் கறி வேகவைத்திருந்தார்கள். அடக்கம் வரை இறந்தவரைத் தனியே விடக் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டெல்மா ஒன்றில் உட்கார்ந்தாள். கையுறைகளைக் கழற்றி மற்றதில் வைத்தாள். வந்தவர்கள் பெட்டியைத் தொட்டார்கள், அவள் தோளைத் தொட்டார்கள், போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலிக்கு யாரும் வரவில்லை.

ஐடா தேநீர் கொண்டுவந்தாள். உட்காரவில்லை.

"ரெண்டு நாள் ஆஸ்பத்திரில மேல் மாடிக்குப் போய் உங்கப்பாகூட இருந்தேன். மூணாம் நாள் என் பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அவரு கண்ணை மூடுன அன்னிக்குப் போக முடியல."

டெல்மா தலையசைத்தாள்.

"ஒண்ணு சொன்னாரு. 'எனக்கு இல்லன்னு சொல்றப்ப என் பொண்ணு குரல் நடுங்குதான்னு கவனிச்சேன், நடுங்கல'ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. இருமல் வந்துருச்சு."

அன்று அலுவலகத்தில் டெல்மா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் பேசினாள். ஐடாவிடம் அதைச் சொல்லவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வந்தார். அவர் மனைவியை அடுத்த வாரம் வைத்தியத்துக்கு நகரத்துக்கு அனுப்பவேண்டும். பெட்டிமேல் கை வைத்து நெடுநேரம் நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தார். தொப்பியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க மாமா," என்றாள் டெல்மா.

"இப்ப எதுக்கும்மா அது."

"வாங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். டெல்மா பக்கத்து நாற்காலியிலிருந்த கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் சுவரோரம் போய், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே இடம் கேட்டு உட்கார்ந்தார்.