ஆய்வாளர் பேசவில்லை

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் போதகர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு இருநூறு பேரை எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறவர்கள். அன்றைக்கு நீளமான மேசையைச் சுற்றி, பரீட்சைத் தாள் திருப்பிக் கொடுக்கிற நேரத்துப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

அப்பாவுக்குத் தட்டச்சு வராது. அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் கல்லூரிக்குப் போயிருந்தேன். சுவரோரம் கிடந்த நாற்காலியில் என்னை ஒடுக்கிக்கொண்டேன். என் தலைக்கு மேலே கூரை வரைக்கும் ஆய்வேடுகள். எல்லாம் ஒரே கறுப்பு அட்டை, முதுகில் பொன்னெழுத்து. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மனிதர் ஒரே ஒரு கேள்வியோடு வருடக்கணக்கில் குடியிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது, நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

அப்பாவின் கேள்வி இது: ஜெபிக்க முடியாமல் போனவர்கள் ஏன் தொடர்ந்து ஆலயத்துக்கு வருகிறார்கள்? அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து, அவர்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி, அதிலிருந்து ஆய்வேடு உருவாக வேண்டும். முதல் பேட்டி ஒரு தையல்காரரோடு. அந்த ஒலிப்பதிவைத்தான் பேராசிரியர் அன்று எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்.

அந்தப் பேராசிரியர் ஒரு அம்மா. மெலிந்த உருவம், மெலிந்த குரல். யார் எழுதிக் கொண்டுவந்தாலும் பாதியை வெட்டிவிடுவதால் போதகர்கள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பதிவில் தையல்காரர் ஆரம்பித்தார். "கொஞ்ச நாளாவே, ஐயா, முழங்கால் போட்டு உட்கார்ந்தா வாயில ஒண்ணும்..."

அவ்வளவுதான். "தம்பி! கர்த்தர் உங்க கண்ணீரைப் பார்க்கிறார்!" என்று அப்பாவின் குரல் அறையை நிறைத்தது. பிறகு வசனம். பிறகு ஒரு கதை. பிறகு இன்னொரு வசனம். நடுநடுவே தையல்காரரின் "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா." கடைசியில் அப்பா உருக்கமாக ஒரு ஜெபம் செய்தார். தையல்காரர் "ஆமென்" சொன்னார். பதிவு முடிந்தது.

"அவர் என்ன சொல்ல வந்தார்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"வாயில ஒண்ணும் வரலைன்னு," என்றார் அப்பா.

"வரலைன்னு சொன்னாரா?"

அப்பா எதிரிலிருந்த தாளைப் புரட்டினார்.

"அது நீங்களா போட்டுக்கிட்டது. ஐயா, உங்க குரல் அருமையா இருக்கு. நான் உங்க சபைக்காரியா இருந்தா முதல் பெஞ்சில வந்து உட்காருவேன். ஆனா இது பேட்டி இல்ல. ஆளை எதிர்ல வச்சுக்கிட்டுப் பண்ணின பிரசங்கம்."

சிறைச்சாலையில் ஊழியம் செய்யும் போதகர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "மைக்கைப் பிடிச்சா விடமாட்டாரு அம்மா. நாங்க கூப்பிடுறதே மைக்குனுதான்."

"சிரிங்க," என்றார் பேராசிரியர். "அடுத்து போடப்போறது உங்களோடதுதான்."

சிரிப்பு பொசுக்கென்று அடங்கியது.

அப்பாவுக்குக் கல்லூரி கொடுத்திருந்த கெடு ஏற்கெனவே இரண்டு முறை நீட்டப்பட்டுவிட்டது. இனி நீட்ட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பயிற்சிப் பேட்டி அனுப்ப வேண்டும், பயிற்சிதான் என்பதால் வீட்டு ஆளாக இருந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் சொன்னார். அவர் கொடுத்த தாளில் உள்ள மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, ஜெபிக்கக் கூடாது. பேட்டி கொடுப்பவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திப்பதுபோல நடத்த வேண்டும். அதில் தேறாவிட்டால் படிப்பு அத்தோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த மாமா சும்மா இருக்கவில்லை.

"என்ன மச்சான், படிப்பு முடிஞ்சுதா?"

"இல்ல மாப்ள."

"தலைமுடி முடிஞ்சிருச்சே!"

"உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று அம்மா தன் தம்பியை அதட்டினாள். பிறகு அப்பாவிடம், "பயிற்சிக்குத்தானே, என்னையே கேளுங்க. உங்க கேள்விக்கெல்லாம் பதில் சொல்லப் பொறுமை வேற யாருக்கு இருக்கு?" என்றாள்.

அம்மா எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவள். ஜெபத்தைப் பற்றி அவளிடம் கேட்டால் நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள், அப்பா குறுக்கே பேசாமல் இருந்தால் போதும், வேலை முடிந்தது. அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

மாமாவும் நானும் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் பேட்டி நடந்தது. திரும்பி வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒலிப்பதிவை வாங்கிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டித் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.

"வணக்கம் சகோதரி. நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி."

"அய்யோ, சகோதரியா! இருக்கிற நாத்தனார் போதாதுன்னு நானும் உங்க தங்கச்சியா?"

"சிரிக்காத... சிரிக்காதீங்க. பதிவாகுது."

"சரிங்க ஐயா. கேளுங்க ஐயா."

"ஜெபிக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

அம்மாவின் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அடங்கிய பிறகு மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது.

"இவ்வளவு மரியாதையா யாரும் இதை என்கிட்ட கேட்டதில்ல," என்றாள் அம்மா. "அதனால சொல்றேன். நான் ஜெபிக்கிறதில்லைங்க."

அப்பா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த மூச்சை எனக்கு நன்றாகத் தெரியும். பிரசங்க மேடையில் குரலை உயர்த்துவதற்கு முன்னால் அப்படித்தான் இழுப்பார். என் விரல்கள்கூட அடுத்து வரப்போகும் வசனத்துக்குத் தயாராகிவிட்டன. ஆனால் அந்த மூச்சு ஒரு சொல்லும் இல்லாமல் மெதுவாக வெளியே போனது. இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சத்தம் அது.

"வீட்டு ஜெபத்துல கண்ணை மூடுறேன். நீங்க பேசுறீங்க. நான் ஆமென் சொல்றேன். அது வேற."

"எப்போதிலிருந்துன்னு சொல்ல முடியுமா?"

"பிள்ளை மூளைக்காய்ச்சல்ல கிடந்தப்போ. பக்கத்துக் கட்டில்லயும் ஒரு பிள்ளை, அதே காய்ச்சல். அவங்க அம்மாவும் நானும் ஒரே போர்வையைப் போத்திக்கிட்டு வெளிய பெஞ்சில உட்கார்ந்திருப்போம். அவங்களும் ஜெபிக்கிறவங்கதான். கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்தே கேட்டோம். எனக்கு ஒரு வார்த்தை, அவங்களுக்கு ஒரு வார்த்தைனு இல்ல. காலையில நம்ம பிள்ளை எழுந்து உட்கார்ந்து தண்ணி கேட்டுச்சு. பக்கத்துக் கட்டில்ல விரிப்பு மாத்திக்கிட்டு இருந்தாங்க."

நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன்.

அந்தப் பிள்ளை நான்தான். நான் எழுந்து தண்ணீர் கேட்ட கதையை அப்பா எத்தனையோ சபைகளில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். "எழுந்து நில்லும்மா" என்பார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டுவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கதையில் மருத்துவர்கள் வருவார்கள், கண்ணீர் வரும், தண்ணீர் வரும். பக்கத்துக் கட்டில் ஒருநாளும் வந்ததில்லை.

மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.

"நீங்க ஓடி வந்து சத்தமா ஸ்தோத்திரம் சொன்னீங்க. நானும் சொன்னேன். அந்தம்மா கதவுக்கிட்ட நின்னு எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் எதையாவது கேக்கலாம்னு வாயைத் திறந்தா, அந்த முகம் வந்து நிக்குது."

பிறகு வந்தது நீண்ட மௌனம். பேட்டியில் கேட்கும் எல்லாச் சத்தத்தையும் எழுத வேண்டும், மௌனத்தையும் எழுத வேண்டும், அப்போது யார் பேசியிருக்கலாமோ அவர் பேசவில்லை என்றும் குறிக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. "ஆய்வாளர் பேசவில்லை" என்று தட்டச்சு செய்தேன். தெருவில் ஒரு வண்டி போனது. எழுதினேன். எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. எழுதினேன். இடையில் மூக்கை உறிஞ்சுவது போல ஏதோ கேட்டது. அது என்னவென்று எனக்கு நிச்சயமில்லை, விட்டுவிட்டேன். ஒரு மனிதர் பேசாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா என்று இருந்தது. மலையை நகர்த்துகிறவர்கூட இப்படித் திணறியிருக்க மாட்டார்.

கடைசியில் தாளில் இல்லாத ஒரு கேள்வி வந்தது.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?" அப்பாவின் குரல் சின்னதாகிப் போயிருந்தது.

"நம்ம பிள்ளை வயசுதான். ரெட்டைச் சடை. ஒண்ணு அவுந்து கிடந்துச்சு. பின்னிவிடலாம்னு நினைச்சேன், காலையில பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

பிறகு மூன்றாவது கேள்வி.

"அப்படியிருந்தும் ஆலயத்துக்கு ஏன் வர்றீங்க?"

"அந்தம்மாவை விட்டா, அந்தக் காலையைப் பத்தி முழுசாத் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். எனக்கும் கடவுளுக்கும். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லதான். ஆனா பேச்சு நின்னுபோனா உறவு போயிருமா? ஒரு விசேஷம்னா போய் ஒரு ஓரமா உட்கார்ந்துட்டு வர்றதில்லையா, அப்படித்தான். நானும் போகாம இருந்துட்டா, அந்தம்மாவுக்காக அவர் முன்னாடி போய் உட்கார வேற யாரு இருக்கா?"

இந்த இடத்தில் எந்தப் போதகரும் ஜெபித்துவிடுவார். அப்பா, "நன்றி," என்றார்.

"அவ்வளவுதானா?"

"மூணு கேள்விதான்."

வியாழக்கிழமை மாலை, தட்டச்சு செய்ததை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இதை அனுப்பப் போறதில்ல," என்றார் அம்மாவிடம். "படிப்பு போனா போகட்டும்."

"ஏன்? போதகர் பொண்டாட்டி ஜெபிக்கிறதில்லைனு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்னா?"

"இல்லம்மா. இது உன்னோடது. இதை வச்சு நான் பட்டம் வாங்கக் கூடாது."

"என்னோடதுன்னா அதை நான்ல சொல்லணும்? நான் கையெழுத்துப் போட்ட உங்க ஒப்புதல் தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு? கொண்டாங்க, நான் ஒருதரம் கேட்டுட்டுச் சொல்றேன்."

அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தன் குரலைக் கேட்கும்போது முகத்தைச் சுளித்தாள். மௌனம் வந்த இடத்தில் அவள் முகம் மாறியது. கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க அழுதீங்களா?"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியவே இல்லையே," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை ஏன் எழுதாம விட்ட?" என்றாள்.

"ஆய்வாளர் அழுறதெல்லாம் எழுதக் கூடாது," என்றார் அப்பா.

"எல்லாச் சத்தமும்னுதானே விதி? எழுதும்மா. எழுதிட்டு அனுப்பு."

எழுதினேன். அனுப்பினேன்.

மறுநாள் மதியம் பேராசிரியர் கூப்பிட்டார். மாமாதான் போனின் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"என்ன ஐயா, உங்க குரலையே காணோம்? மைக் ரிப்பேரா?"

"ஆமாங்கம்மா," என்றார் அப்பா.

"நல்லது. ரிப்பேராவே இருக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து ஆட்களைச் சந்திக்கலாம். உங்களுக்கு அனுமதி கொடுத்தாச்சு."

மாமா அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அப்பா அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

"பேட்டி கொடுத்தவங்க பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட மட்டும் ஒரு நிமிஷம் பேசணும்."

அம்மா போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆமா" என்று ஒருமுறை சொன்னாள். அப்புறம், "தினமும்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

"என்னக்கா சொன்னாங்க?" என்று மாமா பாய்ந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்து அமர்த்தினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் போட்டார். இன்னொன்றை அதற்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தம்மாவைத் தேடிப் பார்க்கணும்னு எப்பவாவது தோணியிருக்கான்னு கேட்டாங்க," என்று அவளே ஆரம்பித்தாள்.