மூணு இன்ச்

சங்கீதா வலது கையைப் பட்டுக்கடையின் மேல்தட்டுக்குத் தூக்கினாள். இடது கையால் டாப்ஸின் ஓரத்தைப் பிடித்து இடுப்போடு அழுத்திக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாளாக இப்படித்தான் சேலை எடுக்கிறாள். ஒற்றைக் கையால் பட்டுச்சேலை எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இருபது அடுக்கியிருக்கும். நடுவில் இருப்பதை உருவ வேண்டுமென்றால் ஒரு கை மேலே உள்ளதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், மறு கை இழுக்க வேண்டும்.

"அது இல்லம்மா. அதுக்குக் கீழ, மாம்பழக் கலரு" என்றார் மெத்தையில் உட்கார்ந்திருந்த அம்மாள். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க சேத்துப்பட்டிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள்.

அவள் மாம்பழக் கலரை இழுத்தாள். அடுக்கு மொத்தமும் அவள் முகத்தை நோக்கிச் சரிந்தது. பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கித் தாங்கிக்கொண்டாள். சேலைகள் நின்றுவிட்டன, டாப்ஸ் ஏறிவிட்டது. பக்கவாட்டுப் பிளவான ஓப்பன் விலா எலும்புக்குக் கீழேயே பிரிந்து, லெக்கின்ஸுக்கு மேலே ஒரு கையகலம் வெற்று உடம்பு தெரிந்தது. வந்திருந்த ஆண்களில் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளைத் தோழன் போலிருந்தவன் திருப்பவில்லை.

முதல் மாடி சூப்பர்வைசர் பன்னீர்செல்வம் தூணோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் வரை கடையில் பெண்களுக்குச் சேலைதான் யூனிஃபார்ம். சேலைக்கு அளவு கிடையாது. குள்ளமோ நெட்டையோ, கட்டுகிறவளின் சாமர்த்தியம்தான் அளவு. முதலாளியின் மகன் சென்னையில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, படியேறி இறங்கச் சுடிதார்தான் வசதி என்று சொல்லிவிட்டான். நாற்பது பெண்களுக்கும் மெரூன் டாப்ஸ், மெரூன் லெக்கின்ஸ், மெரூன் ஷால் மூட்டையாக வந்து இறங்கியது. முப்பத்தொன்பது பேருக்குச் சரியாக இருந்தது. சங்கீதா ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த உயரமெல்லாம் காலில் இல்லை, உடம்பில் இருந்தது. உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர்கள் தலைக்கு மேலே அவள் தலை தெரியும்.

பார்ட்டி பில் போடப் போனதும் பன்னீர்செல்வம் வந்தார்.

"இன்னாம்மா இது, கல்யாணக்காரங்க முன்னால?"

"டாப்ஸ் எனக்குப் பத்தல சார். ஓப்பன் மேல வந்து நிக்குது."

"பெரிய சைஸ் வாங்கிக்கோ. ஸ்டோர்ல டபுள் எக்செல் கீது."

"போட்டுப் பாத்துட்டேன் சார். அகலந்தான் ஏறுது, நீளம் ஏறல. சாக்கு மாதிரி தொங்குது, ஓப்பன் அங்கயே நிக்குது. நான் மட்டும் சேல கட்டிக்கினு வரட்டுமா?"

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னுதானம்மா யூனிஃபார்மே." அவர் குரலைத் தாழ்த்தினார். மோசமான மனிதர் இல்லை, பயந்த மனிதர். "வெள்ளிக்கிழம முதலாளி வராரு, வீடியோ எடுக்கற பையனும் வருவான். நீ இப்டி நின்னுகினு இருந்தா எனக்குத்தான் பேஜாரு. அதுக்குள்ள சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா கீழ அனுப்பச் சொல்லுவாரு."

கீழே என்றால் குடோன். பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சரக்கு வருகிற நாளில் மட்டும்தான் அங்கே ஆள் வேண்டும். மற்ற நாளில் காலை ஏழு மணிக்கே ‘இன்னைக்கு வர வேணாம்’ என்று போன் வந்துவிடும். போன வருஷம் கீழே அனுப்பப்பட்ட இரண்டு பேரும் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். சங்கீதாவால் நிற்க முடியாது. அவள் புருஷன் ஜெயவேல் முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி வைத்திருக்கிறான். இரண்டு மாதமாக அவனுக்கு நெய்யப் பாவு நூல் வரவில்லை. வீட்டில் சோறு வெந்தது அவள் சம்பளத்தில்தான்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சரண்யாவை இழுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினாள். சரண்யாவும் அதே மாடியில் வேலை செய்கிறவள், அவளைவிட ஆறு வயது சின்னவள். மூன்று ரெடிமேட் கடை ஏறி இறங்கினார்கள். முதல் கடையில் போட்டுப் பார்க்கும் அறைக் கண்ணாடி தொப்புளுக்கு மேலேயே முடிந்ததால் ஓப்பன் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. இரண்டாவது கடையில் ஐந்து டாப்ஸ் போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தாள். ஐந்தும் ஏறின. கடைக்காரர் யோசித்துவிட்டு, "ஆம்பளைங்க குர்தா தரட்டுமா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்றாவது கடையில் ஒன்று பொருந்தியது. ஓப்பனே இல்லாத பாவாடை மாதிரியான டாப்ஸ், கிளிப்பச்சை, நெஞ்சு முழுக்கக் கண்ணாடித் துண்டு. அதைப் போட்டுக்கொண்டு போனால் குடோனுக்குக்கூட விட மாட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது சரண்யா போனில் தேடினாள்.

"அக்கா, இங்க பாரேன். ஒசரமானவங்களுக்குன்னே தனியா போட்டுக்கீறான். மெரூன் கூட கீது."

"எப்ப வரும்?"

சரண்யா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பத்து நாள் ஆவுமாம்."

வியாழக்கிழமை சாயங்காலம், வேலை விட்டதும் தெருமுனை ரேணுகாம்பாள் வீட்டுக்குப் போனாள். ரேணுகாம்பாள் கல்யாண ஜாக்கெட் தைக்கிறவள், கையில் கத்தரி இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. சங்கீதாவைத் திருப்பி நிறுத்தித் தோளிலிருந்து இடுப்புக்கு டேப் போட்டாள். நம்பாமல் இன்னொரு முறை போட்டாள்.

"பதினேழர. எல்லாருக்கும் பதினாலு, பதினாலர இருக்கும். மூணு இன்ச் ஒனக்கு அதிகம்டி. அடியில துணி குடுத்தாலும் ஓப்பன் மேலதான் நிக்கும். நடுவுல வெட்டி, மூணு இன்ச் பிட்டு வெச்சித்தான் எறக்கணும்."

"வெச்சிக் குடுக்கா."

"இதே துணி வேணுமே. கொண்டாந்துக்கீறியா?"

பஜாரில் இந்த மெரூன் இல்லை, அவள் முன்தினமே கேட்டுவிட்டாள்.  ரேணுகாம்பாளின் பார்வை சங்கீதாவின் தோளுக்குப் போனது.

"ஷால்ல கொஞ்சம் எடுத்தா தெரியுமா?"

ஷாலும் அதே காட்டன்தான். குண்டு பல்ப் வெளிச்சத்தில் டாப்ஸையும் ஷாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரே மெரூன். ஒரு நுனியில் வெட்ட ஆரம்பித்து, தையலுக்கும் விட்டுச் சுற்றளவுக்கு எடுத்ததில் ஷால் ஒரு முழத்துக்கு மேல் குறைந்துபோனது. டாப்ஸை இடுப்பில் வெட்டும்போது சங்கீதா கண்ணை மூடிக்கொண்டாள். முதலாளி கொடுத்த துணி, திரும்பக் கேட்டால் கொடுக்க வேறு இல்லை. ரேணுகாம்பாள் பட்டு ஜாக்கெட்டுக்கு வைக்கிற பொடித் தையலாக வைத்தாள். ஒன்றரை மணி நேரம் மிஷின் ஓடியது.

சங்கீதா போட்டுக்கொண்டதும், "கையத் தூக்கு" என்றாள் ரேணுகாம்பாள்.

சங்கீதா தூக்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், இல்லாத மேல்தட்டிலிருந்து இல்லாத சேலையை இரண்டு கையாலும் உருவினாள். டாப்ஸ் அசையவில்லை. ஓப்பன் இடுப்பெலும்பில் தொடங்கியது, எல்லாப் பெண்களுக்கும் தொடங்குகிற இடத்தில். பத்தாவது படிக்கும்போதிலிருந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே வாழ்ந்தவள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"இன்னாத்துக்குடி அழுவற? துணிதான?" என்றாள் ரேணுகாம்பாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குள் படியோரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சரண்யா அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இங்க வா. வெளிச்சத்துக்கு வா."

சேலையை இழுப்பதுபோல அவளை வாசலுக்கு இழுத்து நிறுத்திப் பார்த்தாள். அவள் கண் சங்கீதாவின் இடுப்பில் நின்றது. சங்கீதாவும் குனிந்து பார்த்தாள். இடுப்பைச் சுற்றி மூன்று அங்குலப் பட்டை, பழுத்த நாவற்பழ நிறத்தில் தனியாகத் தெரிந்தது. ஷாலுக்குச் சாயம் வேறு தொட்டியில் போட்டிருக்கிறார்கள். குண்டு பல்பில் ஒன்றாகத் தெரிந்தது பகலில் இரண்டாகிவிட்டது.

நாலு வருஷமாக ஒவ்வொரு கஸ்டமரிடமும் அவள் சொல்கிற வார்த்தை, ‘லைட்டுல பாத்து ஏமாறாதீங்க, வாசலுக்கு எடுத்துட்டுப் போயி பாருங்க’ என்பதுதான். தன் துணியை மட்டும் வாசலுக்கு எடுத்துப் பார்க்கவில்லை. காலையில் மகள் நிலாவை ஸ்கூலுக்குக் கிளப்புகிற அவசரத்தில் ஷாலைக் குத்திக்கொண்டு பஸ் பிடித்தவள் அவள்.

ஷாலை விரித்து இடுப்பை மறைக்கப் பார்த்தாள். எட்டவில்லை, ஒரு முழம்தான் டாப்ஸுக்குப் போய்விட்டதே. ஒரு பக்கம் மறைத்தால் மறு பக்கம் தெரிந்தது. சரண்யா தன் ஷாலைக் கழற்றிக் கொடுத்தாள்.

"நீ இன்னா பண்ணுவ?"

 சங்கீதா அந்த ஷாலைத் திருப்பிச் சரண்யாவின் தோளிலேயே போட்டாள். 

பதினோரு மணிக்கு முதலாளி மாடிக்கு வந்தார். பன்னீர்செல்வம் பின்னாலேயே வந்தார். இருபது வருஷமாகச் சேலையில் இழை விட்டுப்போனதைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண் பன்னீர்செல்வத்துடையது. முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து முதலாளியும் திரும்பினார்.

"இன்னாது அது, ஒட்டா?"

"டாப்ஸ் பத்தலன்னு தெச்சிப் போட்டுக்கினு வந்துக்கீறாங்க சார். நல்லா வேல செய்யற பொண்ணு" என்றார் பன்னீர்செல்வம். அதற்கு மேல் அவருக்குத் தைரியம் வரவில்லை.

சங்கீதா முன்னால் வந்தாள். "சார், கைய மேல தூக்கினாக்கூட இப்ப ஒண்ணும் தெரியாது சார். காட்றேன் பாருங்க."

முதலாளி அவளைப் பார்க்காமல் பன்னீர்செல்வத்தைப் பார்த்தார். "பட்டுக் கடையில ஒட்டுப் போட்டத மாட்டிக்கினு நின்னா வர்றவங்க இன்னா நெனப்பாங்க? நம்ம சேலயும் அப்டித்தான்னு நெனக்க மாட்டாங்க? கீழ அனுப்பிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை, ஃபேனை நிறுத்தச் சொல்வதுபோலச் சொன்னார். சங்கீதா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான்காவது படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

மேலே வீடியோ எடுக்கிற பார்த்திபன் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். தாமரைப் பூ நிறத்தில் உடம்பெல்லாம் ஜரிகை ஓடிய சேலை ஒன்று ஸ்டாண்டில் தொங்கியது. அதன் கால்வாசி தரையில் மடிந்து கிடந்தது.

"ஸ்டாண்டு ஒசரம் பத்தல சார். சேல ஃபுல்லா விழணும், அப்பதான் எடுப்பா இருக்கும்."

"அந்த ஒசரமான பொண்ணு போயிட்டாளா? கூப்புடு" என்றார் முதலாளி.

பன்னீர்செல்வம் படிக்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "சங்கீதா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போம்மா" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

"கீழதான சார் போவச் சொன்னாங்க?"

"இத முடிச்சிட்டுப் போலாம். வா."

அவளைச் சேலைக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். பார்த்திபன் கேமராவுக்குள் பார்த்தபடி கையை ஆட்டினான். "மொகம் தெரியக் கூடாதுக்கா. தலையக் கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க. வெரலும் தெரியுது, ஓரத்த மடிச்சி உள்ள புடிங்க. இன்னும் தூக்குங்க. இன்னும்."

இரண்டு கைகளையும் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினாள். முந்தானை மடிப்பில்லாமல் தரை வரைக்கும் விழுந்தது. மெத்தையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எம்மா அழகா விழுது பாரேன்" என்றாள் ஒருத்தி.

"அப்டியே நில்லுங்க, அசையாதீங்க" என்றான் பார்த்திபன்.

விளக்கு பட்டு வழியாகக் கசிந்து சங்கீதாவின் முகத்திலும் கழுத்திலும் தாமரை நிறமாக விழுந்தது. தோள்பட்டை கடுத்தது. குனிந்த தலையோடு அவள் தன் இடுப்பைப் பார்த்தாள். டாப்ஸ் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.