குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

ஒரு டாலர் நோட்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

வெர்னா அதை உருவி எடுத்தாள். நீவிவிட்டு, துப்பாக்கியின் குழலுக்கும் அதைத் தாங்குகிற மரக்கட்டைக்கும் நடுவே மறுபடி நுழைத்து, முன்னாலிருந்து பின்னால் இழுத்தாள். குழல் கட்டையில் படாமல் மிதந்தால்தான் குறி தப்பாது, நோட்டு தடையில்லாமல் ஓடவேண்டும். அந்த மலைப்பக்கத்தில் சனிக்கிழமை துப்பாக்கி எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த சோதனை அது. நோட்டு அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் கணவர் எல்வின் செவ்வாய்க்கிழமை காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. இன்று மதியம் சர்ச்சில் ஊர் கூடி முகம் பார்க்கும். நாளை அடக்கம். அது முடிந்ததும் துப்பாக்கிக் கிளப்பில் அவர் பெயரைச் சொல்லி ஆளுக்கு ஐந்து குண்டு சுடுவார்கள். மனைவிதான் முதலில் சுடவேண்டும். அதற்காகத்தான் வெர்னா தன் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தாள். சமையல் மேசையில் இடமில்லை. சாவு வீட்டுக்கென்றே சுடுகிற உலர்திராட்சைப் பலகாரம் மட்டும் நாலு தட்டு வந்து குவிந்திருந்தது. எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவைத்துத் துணியை விரித்திருந்தாள்.

அவளாகத் துடைப்பது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இரண்டு துப்பாக்கியையும் எல்வின்தான் துடைப்பார், அதுவும் அவளுடையதை முதலில். "கட்டினா இப்படி ஒருத்தனைக் கட்டணும்" என்று கிளப் தலைவர் லிராயின் மனைவி நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறாள். வெர்னா பூரித்துப்போவாள்.

இரண்டும் ஒரே ரகம்தான். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா போடுகிற, தகர டப்பாவுக்கும் முயலுக்கும் மேல் எதற்கும் உதவாத பொழுதுபோக்குத் துப்பாக்கிகள். ஆனால் பார்வைக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. அவருடையது கடப்பாரைக்குக் கைப்பிடி போட்டது போல இருக்கும். அவளுடையது வால்நட் கட்டை, பிடியில் இலைச் செதுக்கல், கருநீலம் ஏறிய குழல். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது.

"என்னுது கடப்பாரைதான். ஆனா சொன்ன இடத்துல போய் நிக்கும். உன்னுது மகாராணி. அழகு குறி பாக்குமா?" என்பார் எல்வின், சனிக்கிழமை தவறாமல். கிளப்பே சிரிக்கும். வெர்னாவும் சேர்ந்து சிரிப்பாள்.

மகாராணி ஒரே ஒரு தடவை ஜெயித்திருக்கிறாள். கல்யாணமான வருஷம், ஊர்ச் சந்தைப் போட்டியில், எல்வின் உட்பட அத்தனை ஆண்களையும். மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அன்றைக்கே வந்து கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் தேர்வுக்குப் போனால், கோழிக்கு இறைத்த தானியம் மாதிரி குறி அட்டையெங்கும் ஓட்டை. காரில் அழுதுகொண்டே வந்தவளுக்கு எல்வின் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "விடு. துப்பாக்கி அப்படி. நீ என்ன பண்ணுவ" என்றார். அதற்குப் பிறகு அவள் எந்தத் தேர்வுக்கும் போகவில்லை.

அடியிலிருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றி, குழலைத் தூக்கினாள். கட்டையின் பள்ளத்தில் ஒரு தோல்துண்டு ஒட்டியிருந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கத்தி முனையால் நெம்பியதும் வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தாள். ஓக் இலை அச்சு. கல்யாணத்துக்கு அவள் எல்வினுக்குக் கொடுத்த பெல்ட்டின் தோல். முனையில் கொஞ்சம் குறைகிறதே என்று கேட்டதற்கு, "நாய் கடிச்சிடுச்சு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

லிராய் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். எல்வினின் பால்ய சிநேகிதர்.

"வெர்னா, ட்ரூடி கார்ல உக்காந்தாச்சு. அப்பாவோட அட்டையை மறந்துடாதீங்கன்னு சொல்லச் சொன்னா."

கிளப்பில் ஒருவர் செத்தால், அவர் சுட்டதிலேயே சிறந்த அட்டையைக் கோட்டுப் பையில் வைத்து அனுப்புவது வழக்கம். லிராய் அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தார். கழற்றிப் போட்ட துப்பாக்கியும் பக்கத்தில் கிடந்த தோலும் கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"இது என்னன்னு கேக்க மாட்டீங்களா, லிராய்?"

"ஏன்... கழட்டிட்ட?"

"கேக்கலியே நீங்க. அப்போ உங்களுக்குத் தெரியும்."

லிராய் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "விளையாட்டுக்குத்தான் வச்சான். பொண்டாட்டிகிட்ட தோத்துட்டான்னு நாங்கதான் சந்தைல அவனை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டோம். ஒரு வாரத்துல எடுத்துடறேன்னான்."

"நாங்கன்னா யாரு?"

"பழைய ஆளுங்க... நாலஞ்சு பேரு."

"நான் தேர்வுக்குப் போனேனே. அன்னைக்கு இது உள்ள இருந்துச்சா?"

தொப்பி அவர் கையில் ஒரு சுற்றுச் சுற்றியது. "எடுத்துடுடான்னு சொன்னேன் வெர்னா. சத்தியமா சொன்னேன். அவளை அணியில சேத்துட்டாங்கன்னா வாராவாரம் ஊர் ஊரா போயிடுவா, அப்புறம் நான் யாரு அவளுக்குன்னான்."

"அவன்கிட்ட சொன்ன. என்கிட்ட ஏன் சொல்லல? மகாராணி மகாராணின்னு நீயும்தானே கூப்பிட்ட."

"செத்த மனுஷன் வெர்னா. இப்போ போய்..."

"போய் கார்ல உக்காரு. வரேன்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, ஊர் வேடிக்கை பார்த்திருக்கிறது. நேருக்கு நேராக 'போகாதே' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், போயிருப்பாள், இல்லை போகாமலே இருந்திருப்பாள். எதுவானாலும் அது அவளாக எடுத்த முடிவு. முப்பது வருஷத்துக்கு மேலாக வாரம் தவறாமல், அவள் கண்ணெதிரில், வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய் போட்டுத் துடைத்தாரே, அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. தன் கையையும் கண்ணையும் நம்பாமலே கிழவியாகிவிட்டாள்.

திருகாணிகளை முடுக்கினாள். நோட்டை நுழைத்து இழுத்தாள். தடையே இல்லாமல் ஓடி வந்தது.

கறுப்பு உடையோடு பின்பக்கம் போனாள். கொல்லையின் கோடியில் மண்மேட்டுக்கு முன்னால் புது அட்டை ஒன்றைக் குத்திவிட்டு, எல்வின் அடித்துக் கொடுத்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கார் ஹாரன் ஒரு தடவை அடித்தது. அவசரப்படவில்லை. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, சுட்டாள். ஐந்து தடவை.

போய்ப் பார்த்தாள். நடுப்புள்ளியில் ஒன்றுகூட இல்லை. மேலே, இடது பக்கம் தள்ளி, ஐந்தும் ஒரே ஓட்டை. ஒரு சில்லறைக் காசை வைத்து மூடிவிடலாம். தோலை எடுத்ததில் குறி நகர்ந்திருக்கிறது, குழல்மேலுள்ள குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்ய ஒரு நிமிஷம் போதும். ஐந்தும் ஒன்றாய்ப் போய் விழுவதுதான் துப்பாக்கியின் குணம், சுடுகிற கையின் குணம். வெர்னா அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். எல்வினுக்காக அழுகிறாள் என்று காரிலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

சவப்பெட்டியில் எல்வின் நீலக் கோட்டில் படுத்திருந்தார். தலை அழகாக வாரியிருந்தது. வெர்னா அட்டையை அவர் மேல்பையில் வைத்தாள், பாதி வெளியே தெரிகிற மாதிரி.

மகள் ட்ரூடி குனிந்து பார்த்தாள். "அம்மா, இது அப்பாவோடது இல்லியே. உங்க பேர் போட்டிருக்கு. இன்னைக்குத் தேதி."

"ஆமா."

"அப்பாவோடது எங்க?"

"வீட்ல இருக்கு. இதை உங்கப்பா பாக்கல. வச்சுக்கட்டும்."

கிளப் ஆட்கள் வரிசையில் வந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவரும் பெட்டிமேல் குனிந்து அட்டையைப் பார்த்தார்கள். போன வருஷம் சேர்ந்த ஒரு பெண் மட்டும் வியந்துபோய், "அஞ்சும் ஒண்ணா போயிருக்கே! எந்தத் துப்பாக்கி ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"என்னோடதுதான்மா. மகாராணி."

பின்னால் நின்ற கிழவர்களில் ஒருவர் இருமினார். லிராயின் முறை வந்தது. அவர் எல்வின் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, வெர்னாவிடம் கை நீட்டாமல் நகர்ந்து போனார்.

அவர் மனைவி வந்து வெர்னாவின் தோளை அணைத்து, ஒரு கைக்குட்டையை அவள் கையில் திணித்தாள். வெர்னா அதை வாங்கி, நகக்கண்ணில் இன்னும் இருந்த துப்பாக்கி எண்ணெயை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.