கடைசிப் பக்கத்துப் புகை

இயக்குநர் பேச எழுந்தால் மைக்கே முதுகை நிமிர்த்திக்கொள்ளும். மறுநாள் அறிக்கை வெளியீடு. "தலைநகர் வட்டாரம் பத்தே ஆண்டுகளில் கரிப்புகை உமிழ்வைப் பாதியாக்கிய சரித்திரச் சாதனை" என்ற வாக்கியத்தை ஒத்திகை பார்க்கவே புள்ளிவிவர அலுவலகம் முழுவதையும் கூட்டியிருந்தார்.

கைதட்டலுக்கு நடுவே 'தசமம்' எழுந்தாள். அட்டவணை தயாரிப்பவள்; தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது எண்ணைக்கூட விட்டுக்கொடுக்காததால் வந்த பெயர் அது.

"சார், அரசு முதலீட்டுல இங்க ரெண்டு மெட்ரோ, ஒரு விமான நிலையம் கட்டினோம். அதுக்கு சிமெண்டு வெந்தது வடக்கு வட்டாரச் சூளையில. புகை மட்டும் அவங்க பேர்ல."

"சூளை அங்கதானேம்மா இருக்கு?"

"சாப்பிட்டது நாம, பாத்திரம் தேய்க்கறது அவங்களா?"

சத்தமே வராமல் சிரிப்பதில் அரசு ஊழியர்களை மிஞ்ச ஆளில்லை.

விஷயம் சிரிப்புக்குரியதல்ல. புகை அதிகமுள்ள வட்டாரத்துக்கு அடுத்த ஐந்தாண்டு முதலீட்டில் வெட்டு. வடக்கின் பழைய சூளையை மாற்றிப் புகை குறைந்த புதுச் சூளை கட்டும் திட்டம் அத்தோடு போய்விடும். அந்தச் சூளையில்தான் தசமத்தின் அண்ணனுக்கு வேலை. "டிவியில எங்களை அழுக்கு மூட்டைங்கறான். பாலத்துல போறப்ப மட்டும் எங்க சிமெண்டு இனிக்குதோ?" என்று முந்தாநாள் போனில் பொரிந்து தள்ளியிருந்தான்.

ஆகவே அவள் இன்னொரு அட்டவணை போட்டிருந்தாள். கட்டடம் எங்கே நிற்கிறதோ, புகையும் அந்த வட்டாரத்தின் பேரில். கட்டும் வருஷங்களில் எகிறும். ரயில் ஓடத் தொடங்கியபின் மெல்ல இறங்கும். அதில் தலைநகர் உச்சியில், வடக்கு ஐந்தாவது.

"இது அறிக்கையில வேணாம்," என்றார் இயக்குநர்.

"அப்ப என் கையெழுத்தும் வேணாம் சார்."

அட்டவணை போட்டவர் கையெழுத்து இல்லாமல் அச்சகம் தொடாது. அழைப்பிதழோ இயக்குநர் படத்தோடு ஊரெங்கும் போய்விட்டது. அவர் இறங்கிவந்தார். "சரி, கடைசிப் பக்கம். பொடி எழுத்து."

முன்பக்கங்கள் நாற்பதிலும் தன் படமே இருப்பதால் அந்த அறிக்கையை எல்லோரும் பின்னாலிருந்துதான் புரட்டுவார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. மறுநாள் அறிக்கையை வெளியிட வந்த அமைச்சர், மேடையிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"வடக்குச் சூளையை மாத்தினா யாரோட புகை குறையும்?"

இயக்குநர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"நம்மளோடதுதான் சார்," என்றாள் தசமம் பின்வரிசையிலிருந்து.

"அப்ப அந்தத் திட்டத்துல கை வைக்காதீங்க," என்றார் அமைச்சர்.

உடனே மைக் நிமிர்ந்தது. "இந்த அட்டவணை இடம்பெற வேண்டுமென்று ஆரம்பம் முதலே பிடிவாதமாக நின்றவன் நான்..."

தசமம் வெளியே வந்து அண்ணனை அழைத்தாள்.

"சூளை மாறுதுண்ணே. நீங்க அஞ்சாவது இடம்."

சூளை இரைச்சலுக்கு மேலே அண்ணன் யாரிடமோ கத்துவது கேட்டது: "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! என் தங்கச்சி போட்ட கணக்குடா!" ஒவ்வொரு ஆளிடமும் முதலிலிருந்து சொன்னான். அவள் போனை வைக்கவேயில்லை.