குண்டண்ணனுக்குச் சம்பளம் உண்டு, அண்ணிக்கு இல்லை

1

இந்தக் கதை ஒரு வாஷிங் மெஷினுக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்திலிருந்து தொடங்கியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களைக் கேட்டால் மழை, ஜன்னல், மறக்க முடியாத ஒரு முகம் என்று எதையாவது சொல்வார்கள். எனக்கு வாய்த்தது ஒரு மின்னஞ்சல். 'அன்புள்ள குண்டண்ணன், இன்று உங்கள் பிறந்தநாள்! உங்களைப் போன்ற ஊழியரைப் பெற்றதில் உங்கள் நிறுவனம் பெருமை கொள்கிறது.' கீழே கேக் படம். அதன்மேல் மெழுகுவர்த்தி ஆடிக்கொண்டே இருந்தது.

குண்டண்ணன் என்பது என் அண்ணியின் சலவைக்கடையில் இருக்கும் பெரிய மெஷின். ஓட்டல் படுக்கை விரிப்புகளை மூட்டையோடு விழுங்கும், பிழியும்போது தரை அதிர ஆடும். அதற்கு வாழ்த்து எப்படி வந்தது என்பதுதான் கதை. எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'மனிதர்களை எண்களாக மாற்றும் இயந்திரங்களின் காலத்தில், ஒரு தனித்த ஆன்மா...' (அடித்துவிட்டேன். சலவைக்கடையில் தனிமை ஏது? கழிவறைக்குள் இருந்தாலும் வெளியே நின்று துண்டு எங்கே என்று கேட்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'நீராவியின் நடுவே அவள் சிலையாக நின்றாள்.' (இதையும் அடித்தேன். அண்ணி ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. தவிர, 'அவள்' என்று எழுதியதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு கிடையாது.)

மூன்றாம் தொடக்கம்: 'என் அண்ணி ஒரு'

(இதற்கு மேல் வரவில்லை. ஒரு என்ன? அப்படியே கிடக்கட்டும். பிறகு வந்து முடிக்கிறேன்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கடை அண்ணியின் பெயரில் இருக்கிறது. அண்ணன் வேன் ஓட்டுகிறார். அழுக்கை ஏற்றி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் தொட்டியடியில் குனிந்திருப்பவர் கறைக்காரர். எந்தக் கறையையும் மோந்து பார்த்தே மருந்து சொல்லுவார். நீள மேசையில் மடிப்பக்கா. இஸ்திரிப் பலகைகளில் பெரியவள், சின்னவள் என்று அக்கா தங்கை இரண்டு பேர், சண்டை போட்டுக்கொண்டே தேய்ப்பார்கள். நான் நாத்தனார். வாரத்தில் இரண்டு காலை வந்து கணக்கு எழுதுகிறேன், மற்ற காலைகளில் கதை எழுதுகிறேன். இரண்டுமே தேறாது என்பது அண்ணியின் கருத்து.

இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சம்பள நாளில் அண்ணி ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் போடுவார். மேலே பட்டப்பெயர் எழுதியிருக்கும். கடைசிக் கவர் குண்டண்ணனுக்கு. அதை மெஷினின் கைப்பிடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, "இந்த மாசமும் ஒழுங்கா வேலை பாரு ராசா" என்று தட்டிக்கொடுப்பார். பெல்ட் அறுந்தாலோ குழாய் ஒழுகினாலோ அந்தக் கவரிலிருந்துதான் செலவு. மெக்கானிக்கே வந்ததும் "அவர் கவர் எங்க?" என்றுதான் கேட்பார்.

அப்போதுதான் பெரிய ஓட்டல்காரர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஊழியர்களுக்குச் சம்பளச் சீட்டும் மருத்துவக் காப்பீடும் இருக்கிற கடைக்குத்தான் இனிமேல் துணி. அண்ணி அசரவில்லை. யாரோ சொன்ன ஆன்லைன் சம்பள சாஃப்ட்வேர் ஒன்றுக்குச் சந்தா கட்டினார். சம்பளம், விடுப்பு, காப்பீடு எல்லாம் ஒரே திரையில். எனக்குச் சொல்லி அனுப்பாமல், கல்லாவில் உட்கார்ந்து, கவர்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவருக்கும் ஓர் ஆள் என்று தானே பதிந்துவிட்டார்.

கவர் அடுக்கில் குண்டண்ணனும் இருந்தார்.

3

வாழ்த்து வந்த மறுநாள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. இது காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து. 'திரு. குண்டண்ணனின் புகைப்படமும் ரத்தப் பரிசோதனை முடிவும் இன்னும் வந்துசேரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். குழுவில் ஆறு பேருக்குக் குறைந்தால் திட்டம் செல்லாது.'

"அண்ணி, மெஷினை எதுக்கு ஆளா சேத்தீங்க?"

"கவர் இருக்குல்ல? கவர் இருந்தா ஆள்தான்."

"பிறந்த தேதி கேட்டிருக்குமே?"

"வாங்கின தேதியைப் போட்டேன்."

"கல்யாணம் ஆனவரான்னு?"

"இல்லைன்னு போட்டேன். பின்ன, ஆயிடுச்சுன்னா யாரோடன்னு கேக்குமே."

நான் சிரித்தேன். மடிப்பக்கா விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆறு பேரின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று ஒரு கட்டம். கறைக்காரருக்கு அண்ணியின் எண். மடிப்பக்காவுக்கும் அதே எண். அக்கா தங்கைக்கும் அண்ணனுக்கும் குண்டண்ணனுக்கும் அதே எண்தான். ஏழாவது பக்கத்தைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

"உங்க பேர் எங்க அண்ணி?"

"எனக்கெதுக்கு? நான் முதலாளி. மிச்சம் இருந்தா என்னுது."

"என்னைக்காவது மிச்சம் இருந்திருக்கா?"

அண்ணி எழுந்தார். எழுந்தார் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அவர் எழுவதே ஒரு வேலை. முதலில் ஒரு கை முழங்கால்மேல், இன்னொரு கை குண்டண்ணனின் கைப்பிடிமேல், பிறகு பல்லைக் கடித்து ஒரு மூச்சு. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், இனியும் தள்ளிப்போட்டால் நடை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அண்ணியின் கையில் பணம் இல்லை. அண்ணியின் பெயரில் காப்பீடும் இல்லை. கல்யாண சீசன் முடியட்டும் என்பார். அது முடிந்தால் சுற்றுலா சீசன் வந்துவிடும்.

4

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அண்ணியை நான் நல்லவராகவே எழுதிக்கொண்டு போகிறேனோ? நேர்மைக்காகச் சொல்கிறேன்: அவர் கோபக்காரர், கஞ்சம், யார் பேசினாலும் பாதியில் வெட்டுவார். என் கல்யாணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவையை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். நாத்தனார் எழுதும் கதையில் அண்ணி தெய்வமாக வந்தால் யார் நம்புவார்கள்?)

அன்று கடையே சேர்ந்து அவரிடம் பேசியது. குண்டண்ணனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்களைப் போடுங்கள் என்றோம். குழுத் திட்டத்தில் காத்திருப்புக் காலம் கிடையாது, சேர்ந்த அன்றிலிருந்தே மூட்டுக்கும் செல்லும் என்று கம்பெனிக்குப் போன் போட்டே கேட்டுவிட்டேன்.

"என் கடையில எனக்கு நானே கூலி குடுத்துக்கணுமா? கேட்டா ஊரே சிரிக்கும்."

"மெஷினுக்குக் குடுக்கிறப்ப சிரிக்கலையே?" என்றாள் சின்னவள்.

"அது படுத்தா கடை படுத்துடும்டி."

கறைக்காரர் ஒரு காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "நீங்க படுத்தா?" என்றார்.

அண்ணி எல்லோரையும் முறைத்துவிட்டு, பிழிந்த துணி தானே வெளியே வந்து காயுமா என்று சத்தம் போட்டார். எல்லோரும் கலைந்தோம். வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

5

முடிவுகள். முதலில் நான் எழுதியது இது:

'வெள்ளிக்கிழமை காலை. தான் கையெழுத்திடாவிட்டால் குழுவில் ஐந்து பேர்தான், அந்த ஐந்து பேருக்கும் காப்பீடு போய்விடும் என்பதை அண்ணி உணர்ந்தார். கண்களில் நீர் மல்க, அவர்களுக்காக, தன் பெயரை'

(இங்கே நிறுத்தியது நானில்லை. நிறுத்தவைத்தது அண்ணி.)

அச்செடுத்த பக்கங்களைக் கல்லாமேல் வைத்துவிட்டு டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன இது?"

"கதை, அண்ணி."

"அன்னைக்கு நீ பக்கத்துல குத்துக்கல்லாட்டம் நின்னுட்டிருந்தே. நான் எப்ப அழுதேன்? எப்ப இவங்களுக்காகன்னு சொன்னேன்?"

"கதைக்காக..."

"நடந்ததை எழுது."

அவர் சொன்னது சரி. நம் மொழியில் பெண்ணுக்குத் தியாகம் எழுதுவதென்றால் பேனா தானாக ஓடும், யோசிக்கவே வேண்டாம். அம்மா, அக்கா, அண்ணி என்று எந்த உறவைப் போட்டாலும் வாக்கியம் தானே வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நடந்ததோ வேறு.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி வந்தார். செருப்பைக் கழற்றினார். "நகரு" என்று என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார். குண்டண்ணனின் பக்கத்தைத் திறந்து நீக்கு என்பதை அழுத்தினார். காரணம் கேட்டது. ராஜினாமா, பணிநீக்கம், ஓய்வு, மரணம், மற்றவை.

"ராஜினாமா பண்ற அளவுக்கு இவனுக்கு ரோஷம் கிடையாது" என்று 'மற்றவை'யைத் தொட்டார். விளக்கம் கேட்டது. 'மெஷின்' என்று அடித்தார். குண்டண்ணன் போய்விட்டார்.

புதிய ஊழியர். பெயர்க் கட்டத்தில் தன் பெயரை ஒற்றை விரலால் ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அடித்தார். மடிப்பக்கா பின்னால் வந்து நின்று, "எங்களுக்காகத்தானேக்கா?" என்றார்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்காகன்னா, ஆறாவது ஆளா இந்த எழுத்தாளரைப் போட்டிருப்பேன். வாரத்துல இன்னும் ரெண்டு நாள் வாடின்னா வந்துட்டுப் போறா. உங்களுக்கு அதுவே போதும்." முழங்காலைத் தட்டினார். "எனக்கு வலிக்குது. எனக்கு நடக்கணும். எனக்கு வேணும்."

அப்படிச் சொன்னதும் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம் போல. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதை மறைக்க நான் எழுத்தாளர்த்தனமாக எதையும் சேர்க்கப்போவதில்லை.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டம் வந்தது. வழக்கம்போல் தன் எண்ணையே போட்டார். அது ஏற்கவில்லை. சற்று யோசித்து, அண்ணனின் எண்ணைப் போட்டார். மூட்டையோடு உள்ளே வந்து பின்னால் நின்ற அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். நேரே வேனுக்குப் போய், தெருவில் யாருமே குறுக்கே இல்லாதபோது, இரண்டு முறை நீளமாக ஹாரன் அடித்தார்.

இப்போது முதல் பகுதியில் விட்ட வாக்கியத்தை முடிக்க முடிகிறது. என் அண்ணி ஒரு ஊழியர்.

6

கதையை அங்கே முடித்திருக்கலாம். ஆனால் சம்பள நாளை எழுதாமல் போனால் சின்னவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

சம்பளம் இப்போது வங்கிக்குப் போய்விடுகிறது. ஆனாலும் கவர் வழக்கம் போகவில்லை. உள்ளே அச்சடித்த சம்பளச் சீட்டு. அன்று கவர்களைக் கொடுக்க மடிப்பக்காவைக் கூப்பிட்டோம். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கடைசியில் அண்ணி நின்றார். தன் கடையில், தன் முறைக்காக. மடிப்பக்கா கவரை நீட்டியதும் கடை முழுக்கக் கைதட்டல். பெரியவள் இஸ்திரிப் பெட்டியின் பொத்தானை அழுத்தி அழுத்தி நீராவி விட்டாள். கறைக்காரர் தொட்டி விளிம்பில் தாளம் போட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ வெடித்துவிட்டதென்று ஓடிவந்தார்.

அண்ணி சீட்டைப் பிரித்தார். மேலிருந்து கீழ் படித்தார். மறுபடி மேலே போனார். உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவுதானா? இந்தக் கடை முதலாளி சரியான கஞ்சப்பிசினாறியா இருப்பா போலயே."

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. பிறகு அவர் வெறுங்கவர் ஒன்றில் கொஞ்சம் பணம் வைத்து, குண்டண்ணனின் கைப்பிடியில் மாட்டினார். அவர் இப்போது ஆள் இல்லை. ஆனாலும் பெல்ட் தேயும்.

7

இனி நீங்கள்.

ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டது. காப்பீட்டுக் கம்பெனி ஒப்புதல் தந்துவிட்டது. அண்ணி தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக விடுப்புக்கு விண்ணப்பித்தார். சாஃப்ட்வேர் அதை ஒப்புதலுக்காக முதலாளிக்கு அனுப்பியது. முதலாளி அண்ணிதான். பழக்க தோஷம், 'சீசன் நேரம்' என்று எழுதி நிராகரித்துவிட்டார். அப்புறம் ஊழியராக அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு, கடையே கேட்க முதலாளியைத் திட்டித் தீர்த்தார்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது, ஒப்புதல் தரும் ஆளை மாற்ற வேண்டும் என்றார். அண்ணன் வேண்டாமாம், அவர் அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்பார். நான் வேண்டாமாம், நான் அதையும் கதையாக்கிவிடுவேன். கடையில் மற்றவர்கள் முகத்தாட்சண்யம் பார்ப்பார்கள்.

"உன் கதையைப் படிக்கிறாங்களே, அவங்ககிட்ட குடு" என்றார். "என்னைத் தெரியாதவங்க. நியாயமா சொல்லுவாங்க."

ஆகவே விண்ணப்பம் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒப்புதல், நிராகரிப்பு. உங்களுக்குப் பதிலாக நான் அழுத்தப்போவதில்லை. காரணம் என்ற கட்டத்தில் அண்ணி முதலில் 'மூட்டு' என்று எழுதியிருந்தார். அனுப்புவதற்குமுன் அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினார். அதை மட்டும் அப்படியே தருகிறேன்:

காரணம்: எனக்கு வேணும்.